சிவப்பு மையில் எழுதிய இரவுகள்: குண்டுவீச்சு விமானிகளாக இருந்த அப்பாக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் எழுபத்தொன்பது வயது அம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய அப்பா லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தை ஓட்டியவர். அந்த அப்பாவின் லாக்புக்கை, அதாவது பறப்புப் பதிவேட்டை, வரி வரியாகப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலையைப் போன குளிர்காலத்தில் செய்தேன். ஊருக்குப் போன் பேசும்போது இதைச் சொல்லப்போக, அண்ணன் முதல் கல்லூரித் தோழிகள் வரை ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் சொல்வது எந்த விமானிகளை?

பிரிட்டிஷ் விமானப்படையில் 'பாம்பர் கமாண்ட்' என்றொரு பிரிவு இருந்தது. 1939 முதல் 1945 வரை ஜெர்மனி மீதும், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாடுகள் மீதும் குண்டு வீசியது இந்தப் பிரிவுதான். பெரும்பாலும் இரவில் பறந்தார்கள். பிரிட்டன்காரர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, கரீபியன் தீவுகள் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள். விமானத்தில் ஏறியவர்கள் அத்தனை பேரும் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள்.

மொத்தம் சுமார் 1,25,000 பேர் பறந்தார்கள். 55,573 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44 பேர். இன்னும் 9,838 பேர் போர்க்கைதிகளாகப் பிடிபட்டார்கள். இந்தக் கணக்கை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இன்னும் பழகவில்லை.

லிங்கன் நகரம் இருக்கிற லிங்கன்ஷயர் மாவட்டத்துக்கே 'பாம்பர் கவுன்டி' என்று பட்டப்பெயர். பக்கத்துப் பக்கத்தில் அத்தனை விமான தளங்கள். விடியற்காலையில் திரும்பி வருகிறவர்களுக்கு மூடுபனிக்கு மேலே லிங்கன் பேராலயத்தின் கோபுரங்கள் தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோபுரங்கள் என் சமையலறை ஜன்னலிலிருந்தும் தெரிகின்றன.

அவர்களெல்லாம் சின்னப் பையன்கள் இல்லையா? 'அப்பாக்கள்' என்கிறீர்களே?

சின்னப் பையன்கள்தான். சராசரி வயது 22, 23. இன்றைக்கு நம் வீட்டில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடுகிற பையனின் வயது. சிலர் கல்யாணம் ஆகி, கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பறந்தவர்கள். சிலர் இறந்த பிறகு குழந்தை பிறந்தது. மற்றவர்கள், எங்கள் தெரு அம்மாவின் அப்பாவைப் போல, உயிரோடு வீடு திரும்பி, அதற்குப் பிறகு அப்பா ஆனவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு விமானி என்ற ஆளைத் தெரியாது. காலையில் டை கட்டிக்கொண்டு பஸ் பிடித்து ஆபீஸ் போகிற மனிதரைத்தான் தெரியும்.

பைலட் மட்டும்தானா விமானத்தில்?

லங்காஸ்டரில் ஏழு பேர். பைலட், அவருக்குப் பக்கத்தில் மடக்கு இருக்கையில் ஃப்ளைட் எஞ்சினியர், திரைக்குப் பின்னால் வரைபடத்தோடு நேவிகேட்டர், மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்துக் குறிபார்த்துக் குண்டை விடுவிக்கிறவர், வயர்லெஸ் ஆபரேட்டர், முதுகில் ஒரு துப்பாக்கிக் கூண்டு, வாலில் ஒன்று. வால் கூண்டில் உட்கார்ந்தவருக்குக் குளிர் மைனஸ் நாற்பது டிகிரி வரைக்கும் போகும். மின்சாரத்தில் சூடாகும் உடுப்பு போட்டிருந்தும் விரல் விறைத்துப் போகும்.

துணை பைலட் கிடையாது. ஆகவே பைலட்டுக்கு ஏதாவது ஆனால் ஏழு பேருக்கும் ஆனது மாதிரி. பதவியில் வெறும் சார்ஜென்டாக இருந்தாலும் விமானத்துக்குள் அவர்தான் 'ஸ்கிப்பர்'. அதிகாரியாக இருக்கிற நேவிகேட்டரும் அவர் சொன்னதைக் கேட்க வேண்டும்.

குழு சேர்ந்த விதத்தைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். பயிற்சித் தளத்தில் ஒரு பெரிய கொட்டகைக்குள் எல்லோரையும் விட்டு, 'நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். முகத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, 'உனக்கு பைலட் இருக்கிறாரா?' என்று கேட்டு ஒருவரோடு ஒருவர் சேர்ந்துகொண்டார்கள். ராணுவத்தில் எல்லாமே உத்தரவுப்படி நடக்கும்போது, யாரோடு சாவது என்பதை மட்டும் அவர்கள் கையில் விட்டிருந்தார்கள்.

விமானம் விழும்போது பைலட் என்ன செய்வார்?

மற்ற ஆறு பேரும் பாராசூட்டை மாட்டிக்கொண்டு குதிக்கும்வரை விமானத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். கையை எடுத்தால் விமானம் சுழலத் தொடங்கும். சுழன்றால் யாராலும் வாசலுக்கு நகர முடியாது. கடைசியில் அவர் எழுந்திருக்க நேரம் இருக்காது.

லெஸ்லி மேன்சர் என்ற இருபது வயதுப் பையன் டில்லியில் பிறந்தவர். 1942 மே 30 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் மேல் அவருடைய மான்செஸ்டர் வகைக் குண்டுவீச்சு விமானம் அடிபட்டது. பெல்ஜியம் வரை இழுத்து வந்தார். இனி முடியாது என்றதும் எல்லோரையும் குதிக்கச் சொன்னார். ஒருவர் பாராசூட்டை நீட்டியபோது கையசைத்து மறுத்து 'நீ போ' என்றார். குதித்தவர்களில் ஐந்து பேர் பெல்ஜிய மக்களின் உதவியோடு இங்கிலாந்து திரும்பி இதைச் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸை அவருக்குக் கொடுத்தார்கள். சொல்ல ஆள் மிஞ்சாத விமானங்கள் எத்தனையோ.

எத்தனை தடவை போக வேண்டும்?

ஒரு சுற்றுக்கு 30 தடவை. அதற்குப் பிறகு சில மாதம் பயிற்சியாளர் வேலை. அப்புறம் இரண்டாவது சுற்று, 20 தடவை.

முப்பது என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் நூற்றுக்கு நான்கு விமானம் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். மோசமான மாதங்களில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நூறு குழுக்கள் கிளம்பினால் முப்பதாவது இரவு முடியும்போது மிஞ்சுவது 29 குழுக்கள். இதை அவர்களும் போட்டுப் பார்த்திருப்பார்கள். அவர்களில் நேவிகேட்டர்கள் கணக்கில் புலிகள்.

1944 மார்ச் 30 அன்று ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. ஒரே இரவில்.

லாக்புக்கில் அப்படி என்ன இருக்கும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன். நான் இதனோடுதான் மூன்று மாதம் வாழ்ந்தேன்.

நீளவாக்கில் கெட்டியான அட்டை போட்ட நோட்டு. திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கும்: தேதி, விமானத்தின் வகை, அதன் எண், பைலட், உடன் சென்றவர்கள், என்ன வேலை, பகலில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி. 'பைலட்' என்ற கட்டத்தில் அவர் தன் பெயரை எழுதுவதில்லை. 'செல்ஃப்' என்றுதான் எழுதுவார். பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக 'செல்ஃப், செல்ஃப், செல்ஃப்'. அடுத்த கட்டத்தில் முதல் தடவை மட்டும் ஆறு பேரின் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். அதற்குப் பிறகு 'க்ரூ' என்ற ஒரே சொல். மாதக் கடைசியில் மொத்தம் கூட்டி மேலதிகாரி கையெழுத்து.

மையின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. இரவுத் தாக்குதல் என்றால் சிவப்பு மை. பகல் தாக்குதல் என்றால் பச்சை. பயிற்சிக் காலத்துப் பக்கங்களெல்லாம் நீலமும் கறுப்புமாக ஓடிவந்து, 1943 வசந்தத்தில் திடீரென்று சிவப்பாகின்றன.

அதில் ஒரு வரி: '27 ஜூலை. லங்காஸ்டர். செல்ஃப். க்ரூ. ஆப்ஸ் – ஹாம்பர்க். 5.20'. அவ்வளவுதான். 'ஆப்ஸ்' என்றால் தாக்குதல் பயணம். ஐந்து மணி இருபது நிமிடம். கீழே அடுத்த வரி, அதே ஊர், அதே சிவப்பு.

ஒரு இடத்தில் மட்டும் 'செல்ஃப்' இல்லை. வேறொரு பைலட்டின் பெயர் இருக்கிறது. புது பைலட்டுகளை முதல் ஒன்றிரண்டு தடவை அனுபவசாலிக் குழுவோடு, வெறுமனே பார்த்துக் கற்றுக்கொள்ள அனுப்புவது வழக்கம். அந்தப் பயணத்திலேயே இறந்துபோன புது பைலட்டுகளும் உண்டு. அப்போது அவருடைய சொந்தக் குழு தளத்தில் ஸ்கிப்பர் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு நடந்திருக்கிறது. வீட்டில் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?

இந்தப் பிள்ளைகள் எல்லோரும் சொல்கிற ஒரே விஷயம் இதுதான்: அப்பா வாய் திறக்கவே இல்லை.

காரணம் பல இருக்கும். பேசக்கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்டவர்கள். காலையில் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தால் அந்தப் பெயரை உச்சரிக்காமல் இருப்பதே அடுத்த இரவு பறப்பதற்கு ஒரே வழி. இறந்தவரின் சாமான்களை எடுத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்ப அதிகாரிகள் வருவார்கள். சாயந்தரத்துக்குள் புது ஆள் அந்தக் கட்டிலில் படுத்திருப்பார். இருபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்ட அந்தப் பழக்கத்தை நாற்பது வயதில் விடச் சொன்னால் முடியுமா?

போருக்குப் பிறகு ஊரும் கேட்க விரும்பவில்லை. குண்டுவீச்சில் எரிந்த டிரெஸ்டன் என்ற ஜெர்மன் நகரத்தின் பெயர் வந்ததும் பேச்சு மாறிவிடும்.

எங்கள் தெரு அம்மா சொன்ன ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. இங்கே ஒவ்வொரு நவம்பர் 5-ஆம் தேதியும் தெருவெங்கும் பெரிய சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டி வாணவேடிக்கை விடுவார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் வருடத்திலேயே பெரிய கொண்டாட்டம். அன்றைக்கு அவருடைய அப்பா திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, வீட்டிலுள்ள அத்தனை ஷூக்களுக்கும் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பாராம். 'அப்பாவுக்கு வெடிச்சத்தம் பிடிக்காது' என்று அவரைப் பெற்ற அம்மா சொல்லி வைத்திருந்தார். சத்தம் அல்ல, கீழே எரிகிற நெருப்பின் நிறம்தான் காரணம் என்று மகளுக்குப் புரியும்போது அப்பா போய் இருபது வருடம் ஆகியிருந்தது.

பயந்து 'நான் போகமாட்டேன்' என்றவர்களை என்ன செய்தார்கள்?

'மன உறுதி இல்லாதவர்' என்ற பொருளில் மூன்றெழுத்து முத்திரை ஒன்று இருந்தது: எல்.எம்.எஃப். அதைக் கோப்பில் குத்தி, சட்டையிலிருந்து பறப்புச் சின்னத்தைப் பிடுங்கி, மற்றவர்கள் கண்ணில் படாமல் உடனே தளத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள். இருபது தடவை போய்வந்து இருபத்தோராவது தடவை கை நடுங்கியவருக்கும் அதே முத்திரைதான். உங்கள் குடும்பத்துத் தாத்தாவின் கோப்பில் அந்த எழுத்துகள் இருந்தால் தயவுசெய்து வெட்கப்படாதீர்கள். அவர் முதலில் எத்தனை தடவை போனார் என்று பாருங்கள்.

திரும்பி வராத அப்பாக்களின் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்தது?

முதலில் ஒரு தந்தி: காணவில்லை. 'காணவில்லை' என்ற சொல் கொடுமையானது. மாதக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வைக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பிறகு, 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று இன்னொரு தாள்.

போர் முடிந்தபோது 40,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அவர்களைத் தேடுவதற்கென்றே விமானப்படை ஒரு பிரிவை அனுப்பியது. ஊர் ஊராகப் போய், பாதிரியாரையும் கல்லறை காப்பவரையும் விசாரித்து, வயலில் விழுந்த விமானத்தின் எஞ்சின் எண்ணைத் தேய்த்துப் படித்து, உடுப்பில் இருந்த சலவைக்குறியை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். அப்படியும் கிடைக்காதவர்கள் 20,000-க்கும் மேல். அவர்கள் பெயர்கள் லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ரன்னிமீட் நினைவகத்தின் சுவர்களில் இருக்கின்றன.

ஜெர்மனியில் ரைஷ்வால்ட், பெர்லின் போன்ற இடங்களில் உள்ள போர்க் கல்லறைகளுக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். வரிசையில் கற்கள் இடைவெளி விட்டு நிற்கும். திடீரென்று ஐந்தாறு கற்கள் மட்டும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். அது ஒரு விமானக் குழு. யார் யார் என்று பிரிக்க முடியாமல் ஒன்றாகப் புதைத்திருக்கிறார்கள். கொட்டகைக்குள் முகம் பார்த்துச் சேர்ந்தவர்கள்.

சரி, கீழே இருந்தவர்கள்? குண்டு போட்டவர்களை நினைவுகூர்வது சரியா?

எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. தயங்க வேண்டாம். இதைக் கேட்காமல் நினைவுகூர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நடந்ததை முதலில் சொல்கிறேன். ஜெர்மனி 1940-இல் லண்டனையும் கோவென்ட்ரியையும் எரித்தது. பிரிட்டன் திருப்பி அடித்தபோது, தொழிற்சாலைகளை மட்டும் குறிபார்த்து அடிப்பதாகத்தான் சொன்னது. 1941-இல் புகைப்படங்களை வைத்துச் சரிபார்த்தபோது, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் ஐந்து மைலுக்குள்ளேயே போயிருந்தது என்று தெரியவந்தது. இரவில் தொழிற்சாலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரைக் கண்டுபிடிக்க முடிந்தது. 1942 பிப்ரவரியில் ஊர்களையே இலக்காக்கும் உத்தரவு வந்தது. அந்த மாதமே பாம்பர் கமாண்டின் தலைவராகப் பொறுப்பேற்ற ஆர்தர் ஹாரிஸ் அதைத் தளராமல் நடத்தினார்.

1943 ஜூலை 27 இரவு, ஹாம்பர்க் நகரம் கோடை வெயிலில் காய்ந்து வறண்டிருந்தது. 787 விமானங்கள் கிளம்பின. தனித்தனி நெருப்புகள் ஒன்று சேர்ந்து, காற்றைச் சுற்றிலுமிருந்து உறிஞ்சி, தெருவில் ஓடுகிறவர்களை உள்ளே இழுக்கும் புயலாக மாறியது. நிலவறைகளில் ஒளிந்தவர்கள் மூச்சு முட்டி இறந்தார்கள். அந்த ஒரு வாரத்துக்கு மேலான தாக்குதலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 37,000 பேர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் 25,000 பேர் வரை. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள்.

ஹிட்லரின் ஆட்சியை வீழ்த்த இது உதவியதா என்றால், உதவியது என்று சொல்ல வலுவான காரணங்கள் இருக்கின்றன. ரஷ்யாவோடு சண்டை போட வேண்டிய பீரங்கிகளும் போர் விமானங்களும் ஊர்களைக் காக்க நிற்க வேண்டி வந்தது. இவ்வளவு பேரை எரித்துத்தான் ஆக வேண்டுமா என்றால், என் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஒப்பாத என் மனமும், அந்த லாக்புக்கைப் பிடித்த என் கையும் ஒரே ஆளுடையவைதான். உத்தரவு எழுதியவர்கள் வேறு. இருட்டில் 20,000 அடி உயரத்தில் வாய் உலர உட்கார்ந்திருந்த 22 வயதுப் பையன் வேறு. ஒருவரைப் பற்றிய தீர்ப்பை இன்னொருவர் தலையில் கட்ட நான் தயாராக இல்லை. பையனின் மகளும், 'எங்கள் அப்பா தப்பே செய்யவில்லை' என்று ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. 'எங்கள் அப்பா அங்கே இருந்தார்' என்றுதான் சொல்வார்.

நினைவுச்சின்னம் கட்ட 2012 வரை ஏன் காத்திருந்தார்கள்?

மேலே சொன்ன சங்கடம்தான். 1945 மே மாத வெற்றி உரையில் சர்ச்சில் இவர்களைப் பற்றிச் சொன்னது மிகச் சொற்பம். தனிப் பதக்கமும் தரவில்லை. பழைய பதக்க நாடாவில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன உலோகப் பட்டையை 2013-இல்தான் வழங்கத் தொடங்கினார்கள். அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சார்பில் பிள்ளைகள் விண்ணப்பித்து வாங்கினார்கள்.

லண்டன் கிரீன் பார்க்கில் உள்ள நினைவகத்தை 2012 ஜூன் 28 அன்று எலிசபெத் ராணி திறந்து வைத்தார். உள்ளே ஏழு வெண்கல உருவங்கள், அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கியவர்களாக நிற்கின்றன. கூரைக்குப் பயன்படுத்திய அலுமினியம் 1944-இல் பெல்ஜியத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு ஹாலிஃபாக்ஸ் விமானத்தினுடையது. குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் நான் அங்கே தலை குனிந்திருக்க மாட்டேன்.

லிங்கனில் 2018-இல் திறந்த சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம் எனக்கு இன்னும் நெருக்கமானது. துருப்பிடித்த நிறத்தில் 102 அடி உயர இரும்புக் கோபுரம். லங்காஸ்டரின் இறக்கைகளின் நீளம் 102 அடி. சுற்றிலும் சுவர்களில் ஏறக்குறைய 58,000 பெயர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் ஒரு பெயரின் மேல் விரலை வைத்தபடி நின்றுகொண்டிருப்பார். இந்த மையத்தின் ஆவணக் காப்பகத்தில் குண்டு போட்டவர்களின் குரலோடு, குண்டு விழுந்த ஊர்களில் இருந்தவர்களின் குரலும் பதிவாகியிருக்கிறது.

அந்த அப்பாக்கள் எதைப் பற்றியும் சந்தோஷமாகப் பேசியதே இல்லையா?

உண்டு. ஒன்று. 1945 ஏப்ரல் கடைசியில் ஹாலந்தின் மேற்குப் பகுதி ஜெர்மானியர் பிடியில் பட்டினி கிடந்தது. மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஏப்ரல் 29 முதல் பத்து நாள், இதே லங்காஸ்டர்கள் குண்டு அறைக்குள் உணவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கூரையைத் தொடுகிற உயரத்தில் பறந்து போட்டன. ஊர் மக்கள் கூரைகளின் மேல் ஏறிப் போர்வைகளையும் கொடிகளையும் ஆட்டினார்கள். நன்றி என்று துலிப் பூக்களாலேயே வயலில் எழுதினார்கள். 'மன்னா' என்று இதற்குப் பெயர். பைபிளில் வானத்திலிருந்து இறங்கிய உணவு.

லாக்புக்கில் இந்த வரிகள் பச்சை மையில் இருக்கின்றன. எங்கள் தெரு அம்மாவுக்கு அவருடைய அப்பா சொன்ன ஒரே போர்க்கதை இதுதான். மாவு மூட்டை ஒன்று பசுமாட்டுக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்து மாடு வெள்ளையாகிவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

இதில் நம் ஊர்ப் பக்கம் யாராவது உண்டா?

இந்தியர்கள் சிலர் பறந்தார்கள். சைலேந்திர ஏக்நாத் சுக்தங்கர் லங்காஸ்டரில் நேவிகேட்டராக இருந்தவர்.

பெயரில் ஒரு தொடர்பும் இருக்கிறது. விமானங்களுக்கு நன்கொடை கொடுத்த ஊர்களின் பெயரைப் படைப்பிரிவுகளுக்குச் சூட்டினார்கள். 99-ஆவது படைப்பிரிவின் முழுப்பெயர் 'மதராஸ் பிரசிடென்சி'. முதலில் இங்கிலாந்திலிருந்து வெலிங்டன் விமானங்களில் பறந்து, 1942-இல் இந்தியாவுக்கு வந்து, பிறகு லிபரேட்டர் விமானங்களில் பர்மா பக்கம் தாக்கியது. 97-ஆவது பிரிவின் பெயர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்', அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். 1943 டிசம்பர் 16 இரவு பெர்லின் போய்த் திரும்பிய அந்தப் பிரிவு, தன் தளத்தின் மேலேயே மூடுபனியில் தரை தெரியாமல் பல விமானங்களை இழந்தது. எதிரியிடமிருந்து தப்பி வந்து, வீட்டு வாசலில் இறந்தார்கள்.

அப்பாவைப் பற்றியோ தாத்தாவைப் பற்றியோ தேட விரும்புகிறவர்கள் எங்கே தொடங்குவது?

லாக்புக் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். சிவப்பு மை வெயிலில் வெளிறும். அதனால் நோட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு ஹாலில் மாட்ட வேண்டாம். பழைய ஒட்டு நாடாவைப் பிய்க்கவும் வேண்டாம்.

அப்புறம் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஒவ்வொரு படைப்பிரிவின் தினசரிப் பதிவும் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கிறது. லாக்புக்கில் ஒரு வரியாக இருக்கும் இரவு, அங்கே நாலைந்து வரியாக விரியும்: ஏழு பேரின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், மேகம் எப்படி இருந்தது, என்ன பார்த்தார்கள். தனிப்பட்ட சேவைப் பதிவுகள் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து இதே காப்பகத்துக்குப் படிப்படியாக மாறி வருகின்றன. இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடலில் பெயரைப் போட்டாலே கல்லறை எண் வந்துவிடும். லிங்கன் மையத்தின் இழப்புப் பட்டியலும் இலவசம்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற ஆறு பேரின் பெயரையும் தேடுங்கள். உங்கள் அப்பாவைப் பற்றி அவர் உங்களிடம் சொல்லாததை, வால் கூண்டில் இருந்தவர் தன் மகனிடம் சொல்லியிருக்கலாம்.

லங்காஸ்டரை இன்று பார்க்க முடியுமா?

7,377 கட்டினார்கள். பறக்கிற நிலையில் இரண்டு மிச்சம்: ஒன்று இங்கிலாந்தில், ஒன்று கனடாவில். ஆனால் நான் சிபாரிசு செய்வது ஈஸ்ட் கிர்க்பி கிராமத்தை. நியூரம்பெர்க் இரவில் இறந்த அண்ணனின் நினைவாக, விவசாயிகளான இரண்டு தம்பிகள் ஒரு லங்காஸ்டரை வாங்கிப் பழைய விமான தளத்திலேயே வைத்திருந்தார்கள். அது பறக்காது. நான்கு எஞ்சினும் முழங்க ஓடுபாதையில் ஓடும். அந்தச் சத்தம் காதில் கேட்காது, விலா எலும்பில் கேட்கும். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு குறுக்கு உத்தரம் இருக்கிறது. கனத்த உடுப்போடு, இருட்டில், எரிகிற விமானத்தில் இதைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். வெறும் ஜீன்ஸோடு பகலில் தாண்டுவதற்கே எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

ஜெர்மானியர்கள் இந்தப் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறார்கள்?

டிரெஸ்டனில் இடிந்த ஃப்ராவென்கிர்ஷே தேவாலயத்தைப் பல வருடம் கற்குவியலாகவே விட்டிருந்தார்கள். திரும்பக் கட்டி 2005-இல் திறந்தார்கள். அதன் குவிமாடத்தின் உச்சியில் உள்ள தங்கச் சிலுவை பிரிட்டிஷ் மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தது. அதை லண்டனில் செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற பொற்கொல்லர். டிரெஸ்டன் மீது குண்டு வீசிய விமானக் குழு ஒன்றில் இருந்தவர் அவருடைய அப்பா. பழைய காலத்து உளி, சுத்தியல் முறையிலேயே முடிந்தவரை செய்தார்கள். 2004 ஜூனில் அதை மேலே ஏற்றினார்கள். தீயில் வளைந்து கிடந்த பழைய சிலுவை இப்போதும் உள்ளே பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

உங்கள் தெரு அம்மா அந்த லாக்புக்கை என்ன செய்தார்?

எழுபது வயதில் மகளோடு ஹாம்பர்க் போயிருக்கிறார். அங்கே ஓல்ஸ்டோர்ஃப் கல்லறையில் நெருப்புப் புயலில் இறந்தவர்களைச் சிலுவை வடிவத்தில் ஒரே குழியாகப் புதைத்திருக்கிறார்கள். ஆள் பெயர்கள் இல்லை. ஓக் மரக் கட்டைகளில் அழிந்த பேட்டைகளின் பெயர்களைச் செதுக்கி, புல்லின் குறுக்கே வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தபடி நடந்து, ஒரு பழைய பஸ் டிக்கெட்டின் பின்னால் சிலவற்றை எழுதிக்கொண்டு வந்தார். அந்த டிக்கெட் லாக்புக்கின் ஜூலைப் பக்கத்தில் இருந்தது.

நான் ஏற்றிய பிரதியில் 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 27 ஜூலை வரிக்கு வந்ததும் என்னை நிறுத்தச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிக்கெட்டைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் தட்டினேன்: ஹாம்மர்ப்ரூக். ரோட்டன்பூர்க்ஸோர்ட். ஹாம்.

'எந்த நிறத்தில் போட வேண்டும்?' என்று கேட்டேன்.

'அப்பா எழுதிய அதே நிறத்தில்' என்றார்.